மலையில் இருவரை விட்டு வந்தேன்

1

இன்று காலை இங்கே மலாயாவில், ஈப்போ கோயிலில் என் மனைவி பாவாயிக்கு முதல் வருஷத் திதி கொடுத்தேன். குருக்கள் யாழ்ப்பாணத்துக்காரர். பெயர், நட்சத்திரம் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "அம்மா பிறந்த ஊர் எது?" என்றார்.

நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. "அது எங்கே இருக்கிறது?" என்றார்.

"தண்ணிக்குள்ள இருக்குதுங்க."

குருக்கள் தர்ப்பையைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். சேலம் ஜில்லாவில் மேட்டூர் என்று ஓர் இடம், அங்கே காவேரிக்குக் குறுக்கே பெரிய அணை கட்டியிருக்கிறார்கள், அந்த நீர்த்தேக்கத்துக்குள் போன ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று என்று விளக்கினேன். அவர் சற்று யோசித்து, "காவேரி தீரம் என்று சொல்லிவிடலாம், போதும்" என்று மந்திரத்தைத் தொடர்ந்தார்.

பின்னால் குடையோடு நின்ற என் மகள் சரஸ்வதி, "லெக்காஸ் அப்பா, மழை வருது" என்றாள். லெக்காஸ் என்றால் மலாயில் சீக்கிரம். அவள் இங்கேயே பிறந்தவள். அவசரம் வந்தால் அவளுக்கு மலாய்தான் வரும். பேரனுக்கு எள்ளுருண்டையை நீட்டினேன். "தா மாவ்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேண்டாம் என்கிறான்.

ஆசையோடு சேலத்துக்குப் போன மனுஷன் ஏன் ஒரு வருஷத்துக்குள் திரும்பிப் போய்விட்டான் என்று ஊர்ப்பக்கத்தில் சிலர் கேட்கிறார்களாம். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2

நானும் பாவாயியும் மலாயாவுக்குக் கப்பலேறிய போது அணையைப் பற்றிப் பேச்சே கிடையாது. மழையில்லாத வருஷம், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்து கூப்பிட்டார், போனோம். இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டோம். முதலில் கித்தா மரம் சீவினேன். ரப்பரை இங்கே கித்தா என்போம். பிறகு தோட்டத்து லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, மலைமேல் இருக்கும் தேயிலைத் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றிப் போகும் டிரைவரானேன்.

பாவாயிக்கு ஊரில் ஒரே உறவு, தங்கை நல்லாயி. தாய் சீக்கிரமே போய்விட்டதால் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் பாவாயிதான். நாங்கள் கப்பலேறும்போது நல்லாயி பாவாடை கட்டிய பெண். பிறகு அவளுக்குக் கலியாணமானதும், இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் கடிதத்தில்தான் தெரியும். அக்கா தங்கை இருவருக்கும் எழுதத் தெரியாது. இங்கே நான் எழுதுவேன். அங்கே பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதுவார். அணை நிரம்பிய வருஷம் நாங்கள் போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டது. அப்படி ஓர் ஊர் இல்லை என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு வேலை ஓய்வு வந்ததும் பாவாயி சொன்னது ஒன்றுதான். "போலாமுங்க. நல்லாயி எங்க இருக்கறாளோ, அங்க நாமளும் ஒரு குடிசை போட்டுக்கலாம்."

ஊர் முழுகிவிட்டது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஊரே பெயர்ந்து மேட்டில் வேறோர் இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்திருந்தோம். அதே ஜனங்கள், அதே மாரியம்மன், தெருவின் பெயர் மட்டும் புதுசு. கப்பலில் பாவாயி அந்தப் புது ஊரை எனக்கு விவரித்துக்கொண்டே வந்தாள். யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு கட்டியிருப்பார்கள் என்றுகூடச் சொன்னாள்.

அப்படி ஒரு புது ஊர் கிடையாது. நஷ்ட ஈட்டை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள்.

3

எங்கே குடியிருப்பது என்று தெரியாமல்தான் நாங்கள் பஸ்ஸை வாங்கினோம்.

சேலத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் ஓடாமல் நின்றிருந்த பழைய சர்வீஸ் பஸ் அது. இரண்டு வாரம் அதன் கீழேயே கிடந்து இன்ஜினைச் சரிசெய்தேன். உள்ளே ஆசனங்களைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீருக்கு இரண்டு தகர டின் வைத்தோம். ஜன்னலுக்குப் பாவாயி பழைய புடவையைக் கிழித்துத் திரை கட்டினாள். நல்லாயியைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும், ஒவ்வோர் ஊரிலும் சத்திரம் தேட முடியாது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை.

மோட்டார் பதிவு செய்யும் ஆபீசில் குமாஸ்தா தலையைச் சொறிந்தார்.

"எத்தனை பிரயாணிகள்?"

"ரெண்டு பேருங்க. நானும் என் சம்சாரமும்."

"அப்படின்னா இது பஸ் இல்லையே. சொந்தக் கார்னு எழுதட்டுமா?"

"எழுதிக்குங்க."

"கார்ல எதுக்கு அடுப்பு? சரி, விலாசம் சொல்லும்."

"இதேதானுங்க விலாசம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. கடைசியில் பட்டறைக்காரர் தன் விலாசத்தைக் கொடுத்து உதவினார்.

எங்கள் ஓய்வுக்காலம் அந்த பஸ்ஸுக்குள் தொடங்கியது. காலையில் ஏதாவது ஒரு கிணற்றடியில் குளிப்போம். பாவாயி கம்பங்கூழோ சோறோ ஆக்குவாள். வெயில் ஏறுமுன் அடுத்த ஊருக்குக் கிளம்புவோம். மேச்சேரி, எடப்பாடி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று சந்தை கூடும் இடமெல்லாம் போய் நின்றோம். எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கேயிருந்து வந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டோம். பஸ்ஸைப் பார்க்கக் கூட்டம் சேரும். சிலர் ஏறி உட்கார்ந்துகொண்டு எப்போது கிளம்பும் என்பார்கள். இது வீடு என்று சொன்னால் சிரிப்பார்கள். மலாயாவில் கித்தா சீவினேன் என்றால், கித்தான் பையைச் சீவுவானேன் என்று கேட்பார்கள். பேச்சிலேயே நாங்கள் வெளியூர்க்காரர்களாகிப் போனோம். அதில் பாவாயிக்கு ரொம்ப மனத்தாங்கல். "நம்ம சனங்களே நம்மளப் பார்த்துச் சிரிக்கறாங்களேங்க" என்பாள்.

அணைக்காக நிலம் எடுத்த ஆபீசிலும் போய்க் கேட்டேன். அங்கே எல்லாம் இருந்தது. நல்லாயியின் புருஷனுக்கு எவ்வளவு நிலம், அதில் எத்தனை பனைமரம், கிணறு எத்தனை ஆழம் என்று வாசித்துக் காட்டினார்கள். மாட்டுக்கொட்டகையின் கூரைக்குக்கூட விலை போட்டிருந்தார்கள்.

"ஆளுங்க எங்க போனாங்கன்னு இருக்குதுங்களா?" என்று பாவாயி கேட்டாள்.

"அது எங்களுக்கு வேண்டியதில்லையே அம்மா" என்றார் குமாஸ்தா. அவர் சொன்னதும் நிஜம்தான்.

ஜலகண்டாபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்த ஒருவர் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் தறியை நிறுத்தினார். எங்களுக்கு மேற்குத் தெருவில் இருந்தவர். அவர்தான் சொன்னார். நல்லாயியின் புருஷன் கிடைத்த பணத்தில் மேட்டுக்காடு வாங்கினான், கிணறு வெட்டினான், பாறைதான் வந்தது. நிலத்தை விட்டுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு சேர்வராயன் மலைக்குக் காப்பித் தோட்டத்துக் கூலியாகப் போய்விட்டான்.

"எந்தத் தோட்டமுங்க?"

"அது தெரியாதுங்க. மலை பெருசு."

4

இங்கே சரஸ்வதி வீட்டில் எனக்குப் பின்பக்கத்து அறை. ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்றுகள் தெரியும். காலையில் மருமகன் சுரங்க ஆபீசுக்குப் போகிறார். பேரன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். சாயங்காலம் சரஸ்வதி, "அப்பா, சும்மா உட்கார்ந்திருக்கீங்களே, மலைப்பக்கம் ஜாலான் ஜாலான் போயிட்டு வாங்களேன்" என்கிறாள். உலாவிவிட்டு வா என்பது அர்த்தம். அவள் நல்ல மனசோடுதான் சொல்கிறாள். எனக்கு மலை ஏறப் பிடிப்பதில்லை.

ஆனால் சேர்வராயன் மலையில் ஏற்காட்டுக்கு நாங்கள் பஸ்ஸை ஏற்றிய அந்தக் காலைப் பொழுதைப் போல ஒன்றை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

சித்திரை மாதம். முதல் நாள் கோடைமழை பெய்திருந்தது. அடிவாரத்தில் மூங்கில் கழுவிவிட்டது போல நின்றது. பாவாயி எனக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். முதல் வளைவில் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது வளைவில் திறந்தாள். அப்புறம் மூடவேயில்லை. கீழே சேலம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. ஏரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வண்டி கொதித்து நின்ற இடங்களில் ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். அவள் இறங்கிப் பாறையில் கால் நனைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, மலாயாவுல தெனமும் இப்படித்தான் மலையேறுனீங்களா?"

"ஆமாம் புள்ளே."

"என்னைய ஒரு நாளாவது கூட்டிட்டுப் போனீங்களா?" என்று சிரித்தாள்.

தோட்டத்து லாரியில் சம்சாரத்தை ஏற்றக் கூடாது என்பது அவளுக்கே தெரியும். அப்படிச் சிரித்துப் பேசி ரொம்ப நாளாயிருந்தது. மேலே போகப்போகக் காற்று குளிர்ந்தது. காப்பிச் செடி பூத்திருந்தது. மலைச்சரிவு முழுக்க வெள்ளை. மல்லிகைக் காட்டுக்குள் வண்டி ஓட்டுவது போல ஒரு வாசனை. பாவாயி சத்தம் போட்டு எதையோ பாடினாள். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

மேற்கே பார்த்த ஒரு பாறை விளிம்பில் வண்டியை நிறுத்திச் சோறு ஆக்கினோம். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. சமவெளி முழுவதும் காலடியில் கிடந்தது. பாவாயி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள்.

"அதென்னுங்க, அங்க வெள்ளித் தகடாட்டம் மின்னுது? எத்தன அழகு!"

நான் பார்த்தேன். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"என்னுங்க அது?"

"அணைத் தண்ணி, புள்ளே."

அவள் கையை இறக்கிவிட்டாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். அதற்குமேல் சாப்பிடவில்லை.

5

பஸ் போகும் பாதை ஏற்காட்டோடு சரி. தோட்டங்களுக்குப் பாதை கிடையாது. குதிரைத் தடமும் ஒற்றையடியும்தான். பஸ்ஸை ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்திவிட்டுத் தினமும் நடந்தோம். நான் கையில் ஒரு தடி. அவள் முந்தானையில் பொரிகடலை. ஒரு நாளைக்கு ஒரு தோட்டம். சில நாள் ஒரு சரிவில் இறங்கி மறு சரிவில் ஏறுவதற்கே பொழுது சரியாயிருக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். பலா மரத்தடியில் காட்டெருமைச் சாணம் கிடக்கும். பங்களா துரைமார் குதிரையில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நிற்போம். பாவாயிக்கு மூச்சு வாங்கும். ஆனால் முன்னால் நடப்பது அவள்தான்.

வைகாசி முடிய சில நாள் இருக்கும்போது, வடபுறத்துச் சரிவில் ஒரு சின்னத் தோட்டத்தில் லைன் வீடுகளைப் பார்த்தோம். தகரக் கூரை, ஒரே சுவரில் வரிசையாகக் கதவுகள். அதைப் பார்த்ததும் பாவாயி நின்றுவிட்டாள். நாங்கள் மலாயாவில் முதல் எட்டு வருஷம் குடியிருந்த லயமும் இதே மாதிரிதான்.

ஒரு கதவருகில் ஒருத்தி விறகு பிளந்துகொண்டிருந்தாள். முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. அக்காவைவிட மூத்தவள் போலத் தெரிந்தாள்.

"ஏனம்மிணி, இங்க நல்லாயின்னு..." என்று பாவாயி தொடங்கினாள்.

அந்தப் பெண் கொடுவாளைக் கீழே போட்டாள். "அக்கா" என்றாள். குரல் மட்டும் மாறவேயில்லை என்று பாவாயி பிறகு என்னிடம் சொன்னாள்.

அவர்கள் அழுததை எழுத எனக்கு முடியவில்லை. நல்லாயியின் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் ஒரே மழைக்காலத்தில் மலைக்காய்ச்சலில் போய்விட்டார்கள். அவளும் அதே காய்ச்சலில் விழுந்து பிழைத்தவள்தான். அது வருஷா வருஷம் அவளுக்குத் திரும்ப வந்துகொண்டிருந்தது. நாங்கள் கடல் தாண்டிப் போய்க் கூலியானோம். அவள் பிறந்த இடத்திலிருந்து மாட்டு வண்டி போகும் தூரத்திலேயே கூலியாகியிருந்தாள். மூன்று பேரும் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்தபோது எனக்கு இந்த எண்ணம்தான் ஓடியது.

"கெளம்பு சாமி. பஸ்ஸு இருக்குது, அதுதான் நம்ம ஊடு. கீழ போயிரலாம்" என்றாள் பாவாயி.

"எப்படிக்கா வாரது? புள்ளைங்கள இங்கதான பொதச்சிருக்கறேன்."

லைனுக்குப் பின்னால் ஓடைமேட்டில் மூன்று கல் நட்டிருந்தது. பெரிய கல் ஒன்று, சின்னது இரண்டு. அங்கே கூட்டிப்போய்க் காட்டினாள். "ஊருல இருந்த எங்கப்பன் ஆத்தா குழியத்தான் தண்ணி கொண்டுட்டுப் போயிருச்சு. இதையும் விட்டுட்டு நான் எங்கக்கா போவேன்?"

பாவாயி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவளும் அங்கேயே தங்கிவிட்டாள். நான் ஏற்காட்டில் பஸ்ஸில் இருந்துகொண்டு இரண்டு நாளைக்கொருமுறை அரிசி, உப்பு வாங்கிக்கொண்டு நடந்து போய் வருவேன். பாவாயி தங்கையோடு களைவெட்டப் போகத் தொடங்கியிருந்தாள். ஓய்வு பெற்றவள் மறுபடி கூலிக்குப் போகிறாயே என்று கேட்டேன். "அவ தனியாப் போறாளுங்க" என்றாள்.

6

ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் நல்லாயிக்குத்தான் குளிர்காய்ச்சல் வந்தது. பாவாயி பக்கத்திலிருந்து கஞ்சி கொடுத்தாள். நல்லாயி எழுந்த வாரம் பாவாயி படுத்தாள்.

நான் போனபோது கண் மஞ்சளாக இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. ஆனால் மலாயாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். "லாரி வந்திருச்சுங்களா?" என்று கேட்டாள். தோட்டத்து மருந்தைக் கொடுத்துப் பார்த்தோம். நிற்கவில்லை. கம்பளியில் கிடத்தி இரண்டு மூங்கிலில் கட்டி நாலு ஆட்கள் தூக்கினார்கள். நானும் அவளும் பேசிக்கொண்டே நடந்த அதே தடம்தான். சித்திரையில் வெள்ளையாகப் பூத்திருந்த மலைச்சரிவு இப்போது பனியில் ஒன்றும் தெரியவில்லை. ஓடை பெருகி நடு இடத்தில் வழியை மறித்துவிட்டது. வெள்ளம் வடியக் காத்திருந்தோம். நல்லாயி அக்காவின் முகத்தில் மழை விழாமல் ஒரு முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கண்ணத் தொறக்கா. பஸ்ஸு பக்கத்துல வந்திருச்சு."

வரவில்லை. பஸ் அங்கிருந்து இன்னும் வெகு தூரம். மத்தியானத்துக்கு மேல் மழை விட்டது. தூக்குவதற்காக ஆட்கள் குனிந்தபோது அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

திரும்பித் தூக்கிக்கொண்டு போனோம். ஓடைமேட்டில் நாலாவதாக ஒரு கல் நட்டோம்.

இருபது வருஷமாக, வேலை முடிந்தால் இரண்டு பேரும் எங்கேயாவது நிம்மதியாக இருக்கலாம் என்று பேசியிருந்தோம். அந்த நிம்மதி சித்திரையில் ஒரு காலைப் பொழுது வந்தது. மலையேறும் நேரம் மட்டும் இருந்தது. இதை நினைத்து ஆறுதல் அடைய வேண்டும் என்று சரஸ்வதியின் புருஷர் சொல்கிறார். எனக்கு ஆறுதலாக இல்லை.

7

காரியம் முடிந்ததும் நான் மலையில் இன்னும் கொஞ்ச நாள் இருந்தேன். பஸ்ஸுக்குள் தனியாக அடுப்புப் பற்றவைத்துச் சோறாக்கிப் பார்த்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று தெரியவில்லை. கீழே சமவெளியில் எனக்கு யாரும் இல்லை. சரஸ்வதி தந்தி அடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கப்பலேறுவது என்று தீர்மானித்தேன். ஆனால் நல்லாயியை அந்த மலையில் விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை.

நான் கிளம்பும் நாள் அவள் பஸ் நின்ற இடம் வரைக்கும் நடந்து வந்தாள். பஸ்ஸைச் சுற்றி வந்து ஒரு முறை பார்த்தாள். அதுவரை அவள் அதைப் பார்த்ததில்லை. உள்ளே ஏறி, அக்கா கட்டியிருந்த ஜன்னல் திரையைத் தொட்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லாயி," என்றேன், "நான் மலாயாவுக்குப் போகலை. நீ இந்தப் பஸ்ஸுக்குள்ளேயே இரு. நான் வெளியே ஒரு கூடாரம் போட்டுக்கறேன். மழைக்காலத்துக்கு மட்டும் கீழே போயிருவோம், உனக்கும் காய்ச்சல் வராது. மழை விட்டதும் மேலே வந்து கல்லுக்குப் பூ வெச்சுட்டு இங்கேயே நிறுத்திக்கலாம். உங்கக்காவும் அதைத்தான் நெனச்சா."

அவள் கட்டில் கயிற்றை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். ஆசைப்பட்டாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு எழுந்து இறங்கிவிட்டாள்.

"வேண்டாமுங்க மாமா."

"ஏன்?"

"அக்கா இருந்தா வேற. நீங்களும் நானும் ஒரு வண்டியில இருந்தா, ஊரு என்னுங்க சொல்லும்?"

"எந்த ஊரு, நல்லாயி?"

வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். யோசித்தாள். அணைத் தண்ணீர் இருக்கும் மேற்குப் பக்கம் திரும்பினாள். அங்கே பனி மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

"அதானுங்களே" என்றாள்.

பிறகு முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வந்த வழியே தடத்தில் ஏறிப் போனாள்.

நான் வண்டியைக் கிளப்பினேன்.